முறுக்கிய எட்டுக் கம்பிகள்

சிசிஎன்ஏ தேர்வுக்காக வீட்டில் ஒரு லேப் போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ரவுட்டரையும் சுவிட்சையும்தான். எந்த மாடல், எத்தனை போர்ட், செகண்ட் ஹேண்டில் என்ன விலை என்று நாள்கணக்கில் அலைவார்கள். கேபிள் கடைசியில்தான் நினைவுக்கு வரும். கையில் மிச்சமிருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. கட்டளைகளைப் பழக இன்று பேக்கெட் டிரேசர் போதும், ஜிஎன்எஸ்3 போதும். சுமாரான ஒரு லேப்டாப்பிலேயே நாலைந்து ரவுட்டர்களை ஓடவிடலாம். ஆனால் அந்தத் திரையில் இரண்டு கருவிகளுக்கு நடுவே நாம் இழுக்கிற கோட்டில் இரைச்சல் புகாது. சரியாகக் கடிக்காத பின் இருக்காது. ஒரு இணை பிரிந்து போயிருக்காது. நிஜ அலுவலகத்தில் "நெட் ஸ்லோவா இருக்கு சார்" என்று வருகிற புகார்களில் பலவும் கடைசியில் போய் நிற்பது இப்படி ஏதோ ஒன்றில்தான். 2020 பிப்ரவரியில் வந்த 200-301 என்ற சிசிஎன்ஏ பாடத்திட்டமும் மோதல்கள், பிழைகள், டியூப்ளெக்ஸ் பொருத்தமின்மை, வேகப் பொருத்தமின்மை ஆகியவற்றை அடையாளம் காணத் தெரிய வேண்டும் என்று தனியாகவே கேட்கிறது. இவற்றை உண்டாக்கிப் பார்த்துத்தான் கற்க முடியும். அதற்குக் கேபிள் வேண்டும்.

100 மீட்டருக்கு மேல் இழுக்காதே, 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதே, சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவே கிராஸ் கேபிள் போடு என்று புத்தகங்கள் வரிசையாக விதிகளைச் சொல்கின்றன. மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். காரணம் தெரிந்தால் மறக்காது. அந்தக் காரணங்கள் எல்லாமே நீல உறைக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் இருக்கின்றன.

கதை 19-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. தொலைபேசி வந்த புதிதில் ஒரு இணைப்புக்கு ஒரே கம்பிதான். மின்னோட்டம் திரும்பி வர மண்ணையே வழியாக வைத்துக்கொண்டார்கள். தந்திக்கு அது போதுமானதாக இருந்தது, பேச்சுக்குப் போதவில்லை. பக்கத்துக் கம்பியில் ஓடும் தந்தியின் தட்டல், அடுத்த இணைப்பில் பேசுபவரின் குரல், எல்லாம் சேர்ந்து காதில் விழுந்தன. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ல் ஒரு காப்புரிமை பெற்றார். ஒரு இணைப்புக்கு இரண்டு கம்பிகள், அந்த இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுவது என்பதுதான் அதன் சாரம். இன்று நம் மேஜை மேல் கிடக்கும் கேட்6 கேபிளிலும் வேலை செய்வது அதே யோசனைதான்.

முறுக்குவதால் என்ன ஆகிறது? பக்கத்தில் ஓடும் மின்சார வயர் தன்னைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் இரண்டு கம்பிகள் முறுக்கில்லாமல் இணையாக ஓடினால், இரண்டுக்கும் நடுவே நீளமான ஒரு வளையம் அமைந்துவிடும். வளையத்தின் பரப்பு கூடக் கூட அதில் தூண்டப்படும் வோல்டேஜும் கூடும். முறுக்கிவிட்டால் அந்த ஒரே வளையம் நூற்றுக்கணக்கான குட்டி வளையங்களாக உடைகிறது. ஒவ்வொரு அரை முறுக்கிலும் மேலே இருந்த கம்பி கீழே போகிறது, கீழே இருந்தது மேலே வருகிறது. ஆகவே ஒரு வளையத்தில் தூண்டப்படுவது பிளஸ் என்றால் அடுத்ததில் மைனஸ். மொத்தமாகக் கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம். இதற்கு மேல் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரு கம்பியில் வோல்டேஜ் ஏறும்போது அதன் ஜோடியில் அதே அளவு இறங்குமாறு சமிக்ஞை அனுப்பப்படுகிறது. மறுமுனையில் இருக்கும் சில்லு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தால், கழிக்கும்போது அது காணாமல் போய்விடும். இந்தக் கழித்தல் சரியாக நடக்க வேண்டுமென்றால் இரண்டு கம்பிகளும் கடைசி வரை ஜோடியாகவே பயணம் செய்ய வேண்டும். கேபிள் வேலையில் இருக்கும் பாதி விதிகளுக்கு இதுவே வேர்.

ஈதர்நெட் பிறந்தபோது முறுக்குக் கம்பியில் ஓடவில்லை. 1973-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் அதை முன்மொழிந்தபோது, எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கோஆக்சியல் கேபிளைப் பகிர்ந்துகொண்டன. வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஆனால் அலுவலகக் கட்டடங்களின் சுவர்களுக்குள் ஏற்கெனவே தொலைபேசிக்காக இழுத்த முறுக்குக் கம்பிகள் ஏராளமாக இருந்தன. அந்த வகைக் கம்பியிலேயே 10 மெகாபிட் அனுப்ப வழி சொன்ன 10பேஸ்-டி தரம் 1990-ல் வந்தது. அதன் பிறகு கோஆக்சியல் அலுவலகங்களிலிருந்து மெல்ல மறைந்தது.

இந்தத் தொலைபேசிப் பூர்விகத்தின் தழும்பு ஒவ்வொரு ஆர்ஜே45 பிளக்கிலும் இன்றும் இருக்கிறது. ஜோடிகள் 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக இருந்திருந்தால் எவ்வளவு எளிது! ஆனால் தரம் சொல்வது 1-2, 3-6, 4-5, 7-8. பழைய தொலைபேசி பிளக்கில் முதல் இணைப்பு நட்டநடுவே, அதாவது 4-5-ல் இருக்கும். இரண்டாவது இணைப்பு அதை இருபுறமும் அணைத்தபடி 3-6-ல் இருக்கும். அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல், மிச்சமிருந்த பின்களை மட்டும் டேட்டாவுக்கு ஏற்றபடி அக்கம்பக்கமாகச் சேர்த்தார்கள். டி568பி வரிசையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை என்று வந்துவிட்டு, பச்சைக்கு முன்னால் நீலமும் வெள்ளை-நீலமும் நடுவில் நுழைவது இதனால்தான். பிறகு பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். டி568ஏ என்பது இதே வரிசையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

இனி கேபிளைக் கையில் எடுங்கள். முனையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு உறையைச் சுற்றிக் கீறி உருவுங்கள். பிளேடு உள்ளே இருக்கும் கம்பியைத் தொடக் கூடாது. நான்கு ஜோடிகள் வெளியே வரும். அவசரப்பட்டுப் பிரிக்காமல் ஸ்கேல் வைத்து, 5 சென்டிமீட்டருக்குள் ஒவ்வொரு ஜோடியும் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கும் நான்கு கணக்காக இருக்கும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். இரண்டு ஜோடிகள் ஒரே கணக்கில் முறுக்கப்பட்டு ஒட்டி ஓடினால், இதன் பிளஸ் வளையத்துக்கு எதிரே அதன் பிளஸ் வளையமே எப்போதும் வந்து நிற்கும். ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கசிவது ரத்தாகாமல் சேர்ந்துகொண்டே போகும். கணக்கு மாறினால்தான் கசிவு ஒன்றையொன்று அழிக்கும். அதிகம் முறுக்கிய ஜோடிக்குக் கம்பி சற்று நீளம், அதில் போகும் சமிக்ஞை சற்றே தாமதமாகப் போய்ச் சேரும். 100 மீட்டரில் ஜோடிகளுக்கு நடுவே 50 நானோ நொடி வரை இந்தத் தாமத வித்தியாசம் இருக்கலாம் என்று தரமே அனுமதிக்கிறது, மறுமுனைச் சில்லு அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

இப்போது ஜோடிகளைப் பிரித்து, நீவி, வரிசைப்படுத்தி, தட்டையாகப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். முறுக்கு பிரிந்த பகுதி 13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த 13 மில்லிமீட்டரில் கம்பிகளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அனுப்பும் ஜோடியின் முழு வலிமைச் சமிக்ஞையும், அவ்வளவு தூரம் பயணம் செய்து களைத்து வந்த பெறும் ஜோடியின் சமிக்ஞையும் உரசிக்கொண்டு நிற்கும் இடம் அதுதான். பிளக்குக்குள் தள்ளும்போது எட்டுச் செம்பு முனைகளும் முன்சுவரில் இடித்து நிற்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியே தெரியும். உறையும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கிரிம்பிங் டூலை அழுத்தும்போது அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உறையைக் கவ்வும். கம்பிகள் மட்டும் உள்ளே இருந்து உறை வெளியே நின்றால், நாலு முறை கழற்றி மாட்டியதும் கம்பி உருவிக்கொண்டு வரும். லேப் கேபிளைத்தான் உலகத்திலேயே அதிகம் கழற்றி மாட்டுவோம். ஆகவே இதில் கறாராக இருங்கள்.

அடுத்துச் செய்ய வேண்டியது ஒரு தப்பான கேபிள். இதை மட்டும் யாரும் தவற விடக் கூடாது என்று சொல்வேன். இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி, நிறங்களை ஜோடி ஜோடியாகவே வையுங்கள்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி. பார்க்க அழகாக இருக்கும். எல்இடி டெஸ்டரில் போட்டால் 1 முதல் 8 வரை விளக்குகள் ஒழுங்காக எரிந்து 'பாஸ்' ஆகும். ஏனென்றால் அந்த டெஸ்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று, இந்த முனையின் 3-ஆம் பின் அந்த முனையின் 3-ஆம் பின்னைத் தொடுகிறதா என்பது. ஆனால் இப்போது 3-ல் இருப்பது வெள்ளை-பச்சை, 6-ல் இருப்பது நீலம். இரண்டும் ஜோடி அல்ல. ஒவ்வொன்றும் வேறொருவரோடு முறுக்கிக்கொண்டு போகிறது. இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறாது, கழித்தலும் பலிக்காது. ஒரு மீட்டர் கேபிளில் இது தெரியாமலே போகலாம், லிங்க் விளக்கு பச்சையாகவே எரியும். 20, 30 மீட்டரில் செய்து, பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிக்கொண்டே 'ஷோ இன்டர்ஃபேசஸ்' போட்டுப் பாருங்கள். சிஆர்சி என்ற எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் காரணம் இந்தப் பிரிந்த ஜோடி. கட்டடக் கேபிள் வேலைகளில் இந்தத் தவறு இன்றும் நடக்கிறது, அந்த எளிய டெஸ்டரை நம்பியே பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கிராஸ் கேபிள் விஷயத்துக்கு வருவோம். 10, 100 மெகாபிட் வேகங்களில் கணினியும் ரவுட்டரும் 1-2-ல் அனுப்பி 3-6-ல் பெறும். சுவிட்ச் இதற்கு நேர்மாறு. ஆகவே கணினிக்கும் சுவிட்சுக்கும் நேர் கேபிள் போதும். ஒரே வகைக் கருவிகள் இரண்டை இணைத்தால் ஒருவர் வாயை இன்னொருவர் காதோடு சேர்க்க, ஒரு முனையில் டி568ஏ, மறுமுனையில் டி568பி என்று கிரிம்ப் செய்ய வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் இந்தத் தொல்லையை ஒழித்தது. போர்ட் தானே அனுப்பும் ஜோடியையும் பெறும் ஜோடியையும் மாற்றிப் பார்த்து, சமிக்ஞை வருகிற பக்கத்தில் நின்றுகொள்ளும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் வழிவிட நினைத்து ஒரே பக்கமாக விலகி, மறுபடியும் ஒரே பக்கமாக விலகி முட்டிக்கொண்டு நிற்பதுபோல, இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? அதனால்தான் எப்போது மாறுவது என்பதை ஒவ்வொரு போர்ட்டும் ஏறக்குறைய சீட்டுக் குலுக்கல் போல முடிவு செய்யும்படி வடிவமைத்தார்கள். சில முயற்சிகளுக்குள் ஒருவர் மாறி மற்றவர் நிற்கும் தருணம் வந்துவிடும்.

இந்த வசதி இல்லாத கேட்டலிஸ்ட் 2950 போன்ற பழைய சுவிட்ச் ஒன்று லேப்பில் இருந்தால் நல்லது. நேர் கேபிள் போட்டு லிங்க் எழாததையும், கிராஸ் போட்டதும் எழுவதையும் கண்ணால் பார்க்கலாம். 2960 மட்டும்தான் கிடைத்தது என்றால் இரண்டு முனைப் போர்ட்களிலும் 'நோ எம்டிஐஎக்ஸ் ஆட்டோ' போட்டு அதே நிலைமையை உண்டாக்கலாம். ஜிகாபிட்டில் கதையே வேறு. 1999-ல் வந்த 1000பேஸ்-டி தரம் நான்கு ஜோடிகளையும், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு திசைகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறது. தான் அனுப்பியதன் எதிரொலியை, வந்ததிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை வாசிக்கிறது. ஐந்து வோல்டேஜ் படிகள், நொடிக்கு 12.5 கோடி குறியீடுகள், ஒரு குறியீட்டுக்கு 2 பிட், நான்கு ஜோடி. பெருக்கினால் சரியாக 1000 மெகாபிட். எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலும் இந்தக் கணக்கு கலையும். ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100-ல் நிற்கிற லிங்க்கைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது நீல, பிரவுன் ஜோடிகளை.

டியூப்ளெக்ஸ் பொருத்தமின்மையை லேப்பில் உண்டாக்குவது மிக எளிது. ஒரு முனையில் 100 மெகாபிட், ஃபுல் டியூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டுங்கள். மறுமுனையை ஆட்டோவில் விடுங்கள். பூட்டிய முனை பேரம் பேசாது. ஆட்டோ முனை வரும் சமிக்ஞையின் வடிவத்தைப் பார்த்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டியூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஹாஃப் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தரம். ஒருவர் எப்போது வேண்டுமானாலும் பேசுவார், மற்றவர் குறுக்கே குரல் கேட்டதும் மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுவார். இப்போது பிங் போட்டால் ஒழுங்காகப் போகும்! போக்குவரத்து குறைவாக இருக்கும்போது மோதவே வாய்ப்பில்லை. ஃபைல் அனுப்பினால் நொண்டும். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் எண்ணிக்கை ஏறும், ஃபுல் பக்கம் அறுந்த ஃபிரேம்கள் சிஆர்சி பிழைகளாக வந்து விழும்.

அந்த லேட் கொலிஷன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செம்பில் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறது, மீட்டருக்குச் சுமார் 5 நானோ நொடி. ஈதர்நெட்டின் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட், அதாவது 512 பிட். 100 மெகாபிட்டில் அதை அனுப்ப 5.12 மைக்ரோ நொடி ஆகும். ஒரு முனையில் கிளம்பியது மறுமுனை போய் மோதி, அந்தச் செய்தி திரும்பி வருவதற்குள் அனுப்புவது முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குறைந்தபட்ச அளவு. முதல் 512 பிட்டுக்குப் பிறகு மோதல் வந்தால் ஒன்று கேபிள் அநியாய நீளம், அல்லது மறுமுனை விதியை மதிக்கவில்லை. உங்கள் லேப்பில் இருப்பது 2 மீட்டர் கேபிள், போய்த் திரும்ப 20 நானோ நொடி. நீளம் காரணமாக இருக்கவே முடியாது. ஆகவே வீட்டு லேப்பில் அந்த எண்ணிக்கை ஏறினால் டியூப்ளெக்ஸைத் தவிர வேறு எதையும் முதலில் தேடாதீர்கள்.

ரவுட்டர்களுக்கு நடுவே போடும் சீரியல் கேபிள்களைப் பழைய லேப் பட்டியல்கள் எல்லாம் வாங்கச் சொல்லும். இன்றைய தேர்வுக்கு அவை அவசியம் இல்லை, விலையும் அதிகம். இலவசமாகக் கிடைத்தால் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் கொடுக்கும் டிசிஇ முனையில் 'கிளாக் ரேட்' கட்டளை போடும் வரை லிங்க் எழாது என்பதைப் பார்ப்பது நல்ல பாடம். ஜிகாபிட் ஈதர்நெட்டிலும் ஒரு முனை கடிகாரத்தைக் கொடுக்கிறது, மறுமுனை அதைப் பின்பற்றுகிறது. யார் கொடுப்பது என்பதை ஆட்டோ பேரமே முடிவு செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

கேபிள் வாங்குவதில் ஒரே எச்சரிக்கைதான். சென்னை ரிச்சி தெருவில் ஆகட்டும், ஆன்லைனில் ஆகட்டும், நம்ப முடியாத மலிவில் கிடைக்கும் கேபிள் பெரும்பாலும் சிசிஏ, அதாவது மெல்லிய செம்புப் பூச்சுக்குள் அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதில் பிஓஇ மூலம் மின்சாரம் அனுப்பினால் கேபிள் அதிகமாகச் சூடாகும், நாலு முறை வளைத்தால் கம்பி முறியும். கடையிலேயே ஒரு துண்டு கேட்டு, கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுவரோடு ஓடும் கேபிளுக்கு ஒற்றைக் கம்பி வகை, அடிக்கடி மாட்டிக் கழற்றும் பேட்ச் கார்டுக்குப் பல இழை வகை. பிளக்கும் அதற்கேற்ற வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளிருக்கும் தகடு இழைகளைக் குத்தி நுழையும்படியும், ஒற்றைக் கம்பியை இருபுறமும் கவ்வும்படியும் வேறு வேறாகச் செய்யப்படுகிறது.

சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு வளையத்தையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள், ஆனால் வீட்டு இன்டர்நெட் ரவுட்டரை முதலில் லேப்பிலிருந்து கழற்றிவிட்டு. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள்கள். வளையத்தைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்தால் ஒரு போர்ட் ஆம்பர் நிறத்திலேயே நின்றுவிடும். ரேடியா பெர்ல்மன் 1985-ல் டிஇசி நிறுவனத்தில் இருந்தபோது வடிவமைத்த முறை அது. பிறகு இரண்டிலும் அதை அணைத்துவிட்டு, இல்லாத ஒரு ஐபி முகவரிக்குப் பிங் போடுங்கள். அதைத் தேடிக் கிளம்பும் ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி போதும். ஐபி பேக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு, ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. அது ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 100 மெகாபிட் போர்ட் ஒன்று நொடிக்குச் சுமார் 1,48,800 சிறிய ஃபிரேம்களைக் கொள்ளும், அந்த உச்சத்தை நோக்கி அது போகும். எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கும். ஒரு கேபிளை உருவினால் உடனே அடங்கும். எந்தக் கேபிளை உருவுவது என்று அந்த நேரத்தில் தேடாமல் இருக்க, இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக, ஜிகாபிட் போர்ட் உள்ள 2960 அல்லது 3560 கிடைத்தால் அதற்குள் ஒரு அருமையான கருவி ஒளிந்திருக்கிறது. 'டெஸ்ட் கேபிள்-டயக்னாஸ்டிக்ஸ் டிடிஆர்' என்ற கட்டளை. போர்ட் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. கேபிள் முழுக்க மின்மறுப்பு 100 ஓமாகச் சீராக இருந்தால் எதிரொலி இல்லை. கம்பி அறுந்த இடத்தில் துடிப்பு அப்படியே திரும்பும், ஷார்ட் ஆன இடத்தில் தலைகீழாகத் திரும்பும். போக 5, வர 5 என்று மீட்டருக்கு 10 நானோ நொடி, ஆகவே 300 நானோ நொடியில் வந்தால் கோளாறு 30 மீட்டரில். மிகக் குட்டையான கேபிளில் இந்த அளவு தடுமாறும், அதற்காகவே 30 மீட்டர் சுருள் ஒன்றை லேப்பில் வைத்திருப்பது நல்லது. சோதனை ஓடும்போது அந்த லிங்க் சற்று நேரம் விழுந்து எழும், பயப்பட வேண்டாம். அந்தச் சுருளின் ஒரு முனையில் மட்டும் பிரவுன் கம்பியை வேண்டுமென்றே குட்டையாக வெட்டி, பின்னைத் தொடாதபடி கிரிம்ப் செய்யுங்கள். நல்ல முனையை சுவிட்சிலும் கெட்ட முனையை இன்னொரு கருவியிலும் செருகி அளந்தால் பிரவுன் ஜோடி மட்டும் 30 மீட்டர் அருகே 'ஓபன்' என்று காட்டும். சுருளைத் திருப்பி, கெட்ட முனையை சுவிட்சில் செருகி அளந்தால் அதே ஜோடி பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். எந்த முனையை வெட்டிவிட்டுப் புதிய பிளக் போட வேண்டும் என்று முடிவெடுக்க அந்த இரண்டு எண்கள் போதும்.